கோடம்பாக்கம் பார்க்கப் போகிறவர்களுக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

மலேசியாவிலிருந்து சென்னைக்குப் போகும் நம்மூர்க் குடும்பங்கள் கோயில், சேலைக்கடை என்று எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி நாளில்தான் "சினிமா ஸ்டுடியோ எங்கே இருக்கு?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்கிறார்கள். அவரும் பூட்டிய கேட் ஒன்றின் முன்னால் இறக்கிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆண்டிறுதி விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பொதுவானவை இங்கே.

ஸ்டுடியோவுக்குள் போக டிக்கெட் உண்டா? எவ்வளவு? (எல்பில் தோட்டம், ஓய்வு பெற்ற மண்டோர்)

ஐயா, படப்பிடிப்புத் தளத்துக்கு டிக்கெட்டே கிடையாது. தளத்தை வாடகைக்கு எடுத்த கம்பெனி அனுமதித்தால்தான் உள்ளே போக முடியும். அதோடு, நீங்கள் டைட்டிலில் பார்த்து வளர்ந்த ஸ்டுடியோக்கள் பல இன்றைக்கு இல்லை. வடபழனியில் விஜயா வாகினி இருந்த இடத்தில் ஒரு மாலும் மருத்துவமனையும் நிற்கின்றன. எஸ்.எஸ்.வாசன் 1940-இல் தொடங்கிய ஜெமினி இருந்த இடத்தில் நட்சத்திர ஹோட்டல். மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் 'ஜெமினி' என்றால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று புரியும். 1970களின் பிற்பகுதியில் கேமரா கிராமத்துக்குப் போனது, தளங்களுக்கு வேலை குறைந்தது. நகரம் வளர்ந்து நிலத்தின் விலை ஏறியதும் தளத்தை வைத்திருப்பதைவிட விற்பதோ கட்டடம் கட்டுவதோ லாபமாகிப் போனது.

உள்ளே போய்ப் பார்க்க இருப்பது ஏவிஎம் அருங்காட்சியகம். ஏவிஎம் ஸ்டுடியோ வளாகத்திலேயே 2023-இல் திறந்தார்கள். பழைய கார்கள், கேமராக்கள், விளக்குகள், ஒலிப்பதிவுக் கருவிகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. படத்தின் தொடக்கத்தில் சுற்றும் அந்த உருண்டை கேட் பக்கம்தான் இருக்கிறது. அதோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கார் பிடித்தவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சிவாஜி, எம்.ஜி.ஆர் முகத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு அரைமணி போதும்; அங்கே காட்சிப் பொருள் பெரும்பாலும் இயந்திரம்தான்.

அப்படியென்றால் கோடம்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கினால் போதுமா? (ஹேவுட் தோட்டம்)

வேண்டாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மின்சார ரயிலில் கோடம்பாக்கத்தில் இறங்கினால் சந்தடியும் கடைத்தெருவும்தான். சினிமா என்று நாம் சொல்வது வடபழனி, சாலிகிராமம் பக்கம். மெட்ரோவில் வடபழனியில் இறங்குங்கள். அங்கிருந்து ஆற்காடு சாலையில் போரூர் பக்கமாகப் போனால் முதலில் மால், அதையும் தாண்டினால் ஏவிஎம். இன்னும் உள்ளே சாலிகிராமத்தில் எல்.வி.பிரசாத் தொடங்கிய பிரசாத் ஸ்டுடியோ. வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

விமான நிலையத்திலிருந்து நேரே வருவதென்றால் நீல வழித்தடத்தில் ஏறி ஆலந்தூரில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறுங்கள். பிறகு ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், வடபழனி. மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியோடு நின்றுவிடும். கோலாலம்பூரிலிருந்து ராத்திரி விமானத்தில் போய் இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் கடைசி வண்டி போயிருக்கும். அந்த நேரத்துக்கு முன்பணம் கட்டும் டாக்சிக் கவுண்டர்தான் சரி.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது? (டோவன்பி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

டீச்சர், வடபழனி முருகன் கோயிலில் தொடங்குங்கள். படத்துக்குப் பூஜை போடுவதும் சினிமாக்காரர் கல்யாணமும் அங்கே சர்வசாதாரணம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விட வேண்டும். அடுத்து ஏவிஎம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தி.நகர். ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர் நினைவு இல்லம். அவருடைய அம்பாசடர் காரும், அவர் வளர்த்த சிங்கத்தைப் பாடம் செய்து வைத்ததும் அங்கே இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காரைவிட சிங்கம்தான் பிடிக்கும். பக்கத்திலேயே கண்ணதாசன் சாலை, சற்றுத் தள்ளி செவாலியே சிவாஜி கணேசன் சாலை. இது பழைய போக் ரோடு. 'அன்னை இல்லம்' இருப்பது இங்கேதான். அது குடும்பம் வாழும் வீடு, தெருவிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சாயங்காலம் மெரினா. அங்கே அண்ணா, எம்.ஜி.ஆர், கருணாநிதி, ஜெயலலிதா நான்கு பேரின் நினைவிடங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. நால்வரும் முதலமைச்சர்கள், நால்வரும் சினிமாவில் எழுதியவர்கள் அல்லது நடித்தவர்கள். எம்.ஜி.ஆர் சமாதியில் சிலர் குனிந்து கல்லில் காதை வைத்திருப்பார்கள். அவர் கைக்கடிகாரத்தோடு அடக்கம் செய்யப்பட்டார், அது இன்னும் ஓடுகிறது என்பது நம்பிக்கை. சிரிக்காமல் வரிசையில் நில்லுங்கள். அவர்கள் விளையாட்டுக்குச் செய்யவில்லை.

சிவாஜி ரசிகர்கள் வீட்டில் இருந்தால் தி.நகரைச் சுருக்கிக்கொண்டு அடையாறு மணிமண்டபத்துக்குப் போங்கள். முன்பு கடற்கரைச் சாலையில் நின்ற சிலையை 2017-இல் எடுத்து அங்கேதான் வைத்தார்கள். பழைய கைடுப் புத்தகத்தை நம்பி மெரினாவில் தேடினால் கிடைக்காது.

இன்னும் இரண்டு விஷயம். அருங்காட்சியகங்களின் வார விடுமுறை இடத்துக்கு இடம் மாறும், முந்தின நாளே போன் அடித்துக் கேளுங்கள். அடுத்தது, சென்னை நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் ஆறு என்றால் பிள்ளைகளின் வயிற்றுக்கு இரவு எட்டரை. மெரினா போகும் முன்பே ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

விசா விண்ணப்பம் இரண்டு முறை திரும்பிவிட்டது. என்ன தவறு? (தோட்டக் கிராணியின் மகன்)

தம்பி, பெரும்பாலும் கோப்பின் அளவுதான். முகப்படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், ஜேபெக் வடிவில் 1 எம்பிக்குள் இருக்க வேண்டும். கடப்பிதழ்ப் பக்கம் பிடிஎஃப்பாக 300 கேபிக்குள். கைப்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் இரண்டுமே அளவு தாண்டிவிடும். விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து பளபளத்தாலும் திருப்பிவிடுவார்கள்.

அடுத்தது நம் பெயரில் வரும் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்). நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் போடாதீர்கள். கடப்பிதழில் உள்ள முழுப் பெயரையும் இயற்பெயர்க் கட்டத்திலேயே எழுதுங்கள். சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால் அதற்குப் பதில் ஓர் இடைவெளி விடுங்கள். விமான டிக்கெட்டிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பயணத்துக்கு 4 நாளாவது முன்னால் விண்ணப்பம் போயிருக்க வேண்டும், ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வது நிம்மதி. அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் வெள்ளி பறிக்கும் தளங்கள் நிறைய. முகவரியின் கடைசியில் ஜி-ஓ-வி புள்ளி ஐ-என் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கூட்டத்தில் நடிக்க வைக்கிறேன், ஷூட்டிங் காட்டுகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். (தாமான்வாசி ஓர் இளைஞர்)

கொடுக்காதீர்கள். துணை நடிகர்கள் சங்கத்து ஏஜென்டுகள் மூலம்தான் வருவார்கள், அவர்களுக்குத்தான் சம்பளம் கொடுப்பார்கள். அவர்களிடம் வாங்க மாட்டார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வதும் சட்டப்படி குற்றம். தெருவில் ஜெனரேட்டர் வேனும் விளக்குத் தாங்கிகளும் கண்ணில் பட்டால் ஓரமாக நின்று பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கைப்பேசியைத் தூக்காத வரைக்கும். ஒரு ஷாட்டுக்கு ஒரு மணி நேரம் விளக்கு நகர்த்துவார்கள், பத்து நிமிடத்தில் பிள்ளைகள் 'போகலாம்' என்று இழுப்பார்கள்.

முதல் நாள் முதல் ஷோ பார்க்க வேண்டும். (மூன்று பேர் கேட்டது)

விடியற்காலை நான்கு மணிக் காட்சி என்பது பழைய கதை. 2023 ஜனவரியில் ஒரு ரசிகர் இறந்த பிறகு அதற்கு அரசு அனுமதி தருவதில்லை. பெரிய படத்துக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தால் காலை 9 மணிக்குத் தொடங்குவார்கள். ஆரவாரம் வேண்டுமென்றால் கோயம்பேடு ரோகிணி, வடபழனி கமலா மாதிரித் தியேட்டர். வசனம் காதில் விழ வேண்டுமென்றால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போங்கள். இணையத்தில் பதியும்போது நம் வங்கி அட்டை பல நேரம் மறுக்கப்படும். சென்னை உறவினர் யாரையாவது எடுத்துவைக்கச் சொல்லுங்கள், அல்லது கவுண்டரில் ரொக்கம். படத்துக்குக் கீழே மலாய் எழுத்து ஓடாது, தமிழ் தடுமாறும் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய தியேட்டர்களில் ஆர்வம் உள்ளவர்கள் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குப் போகலாம். 1913-இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அங்கே தபால்தலைப் பிரிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பயனில்லை.

பிள்ளைகளுக்கு செட், ரைடு எல்லாம் வேண்டும். (சுங்கை சிப்புட் டவுன், ஓர் அம்மா)

அம்மா, அதற்குச் சென்னை சரிப்படாது. ஹைதராபாத்தில் ராமோஜி பிலிம் சிட்டிக்குப் போங்கள். 1996-இல் தொடங்கியது, உலகின் மிகப் பெரிய ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸில் இருக்கிறது. சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், ராத்திரி ரயிலும் உண்டு. ஊருக்கு வெளியே சுமார் 30 கிலோமீட்டர் என்பதால் காலை ஏழரைக்கே கிளம்பினால்தான் ஒரு நாளில் முடியும். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இடத்துக்கு இடம் இறக்கி ஏற்றுவார்கள். ஒரே கட்டடத்துக்கு முன்பக்கம் ஒரு முகம், பின்பக்கம் வேறொரு முகம். சுவரைத் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்று. நடை அதிகம், முழங்கால் வலி உள்ள பாட்டியை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

டிசம்பரில் போகலாமா?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2015-லும் 2023-லும் டிசம்பர் தொடக்கத்தில்தான் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. டிசம்பர் கடைசி வாரம் பரவாயில்லை, பொங்கலை ஒட்டிய நாட்கள் அதைவிட நல்லது. படங்களும் அப்போது வெளியாகும்.

கிராப் ஓடுமா? டிரோன் கொண்டுபோகலாமா? பிளக்?

கிராப் அங்கே கிடையாது, ஊபர் உண்டு. ரொக்கம் என்று தேர்ந்தெடுத்தால் அட்டைத் தொல்லை இல்லை. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். நம் மூன்று சதுரமுள் பிளக் அங்கே பொருந்தாது. உருண்டை முள் அடாப்டர் இரண்டை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.