டீவி சத்தத்தைக் கூட்டிய சார்ஜன்ட்டுக்கு

கேள்வி: லண்டனுக்கு வெளியே ஒரு பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட்டாக இருக்கிறேன். இனச் சமத்துவத் திட்டத்தை எங்கள் நிலையத்தில் நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பைப் போன வருடம் என்னிடம் தந்தார்கள். ‘உங்களை விடப் பொருத்தமானவர் யார்?’ என்றார் இன்ஸ்பெக்டர். என் தோலைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. ஒன்லைன் பாடத்தை எல்லாரும் ‘அடுத்தது, அடுத்தது’ என்று தட்டி முடித்தார்கள். தேநீர் அறைக்குள் நான் போனால் பேச்சு நிற்கிறது. தெருவில் மறித்துச் சோதித்த பதிவுகளை வாராவாரம் பார்த்துக் கையெழுத்து வைப்பதும் நான்தான். ஏதாவது திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். வீட்டிலும் நிம்மதி இல்லை. போன மாதம் மகள் ஒரு கறுப்பினத் தோழியைச் சாப்பிடக் கூட்டிவந்தாள். அம்மா குசினிக்குள் நின்று ‘காப்பிலியை ஏன் உள்ளே விட்டாய்?’ என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். வயதானவரோடு என்ன பேசுவது? டீவி சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அன்றிலிருந்து மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு பிரிவுக்கு மாறிவிடலாமா?

பதில்: தம்பி, இன்ஸ்பெக்டர் உங்கள் நிறத்தைப் பார்த்து வேலையைத் தலையில் கட்டியது அநியாயம்தான். ஆஸ்பத்திரி, கவுன்சில், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலிருந்தும் இதே கதையை எனக்கு எழுதுகிறார்கள். அதை விடுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். ரிமோட்டைத் தேடி எடுத்து, பொத்தானை அமுக்கினீர்களே, அந்த இடத்தில்.

யாருக்குக் கேட்கக் கூடாதென்று கூட்டினீர்கள்? தோழிக்குத்தான் தமிழ் தெரியாதே என்பீர்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்தேன். என்னோடு கட்டில் விரிப்பு மடித்தவர் ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு அக்கா. தமிழ்ப் பெண்கள் நாங்கள் நாலு பேர். அவர் காதுபடவே அந்தச் சொல்லைத் தாராளமாகப் புழங்குவோம், தமிழ்தானே என்ற தைரியத்தில். ஒருநாள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடியே கேட்டார்: ‘காப்பிலி என்றால் நான்தானே?’ உச்சரிப்புக்கூடப் பிசகவில்லை. நான் பதில் சொல்லாமல் மடித்துக்கொண்டே இருந்தேன். அவரும் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மடிக்க வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். ஆகவே அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். விளங்காமல் போனாலும் உங்கள் மகளுக்கு விளங்கியது. அவள் அப்பம்மாவோடு கோபித்துக்கொண்டதாக நீங்கள் எழுதவில்லை, கவனித்தீர்களா? கோபம் உங்களோடு.

ஸ்டீபன் லோரன்ஸ் கதையை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். 1993 ஏப்ரல் 22 இரவு, லண்டன் எல்தம் பகுதி பஸ் தரிப்பில், 18 வயதுப் பிள்ளையைக் கறுப்பன் என்பதற்காகவே குத்திக் கொன்றார்கள். கூட நின்ற நண்பனைப் பொலிஸ் பாதிக்கப்பட்டவனாக நடத்தவில்லை. சந்தேக நபர்களின் பெயர்கள் ஒன்றிரண்டு நாளிலேயே வந்தும், முதல் கைதுக்கு இரண்டு வாரம் பிடித்தது. பெயர்களை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்த தாளை ஒரு மூத்த அதிகாரி தன் கண் முன்னாலேயே மடித்து மடித்துச் சின்னதாக்கினார் என்று ஸ்டீபனின் தாய் சொன்னார். யோசித்துப் பாருங்கள். அந்த அதிகாரி ஒரு கெட்ட வார்த்தையும் பேசவில்லை. கைதான் மடித்தது. அந்தக் கொலையைப் பொலிஸ் விசாரித்த விதத்தை ஆராய்ந்த மக்பெர்சன் அறிக்கை 1999 பெப்ரவரியில் 70 பரிந்துரைகளோடு வந்தபோது, இனவெறி பொலிஸ் நிறுவனத்துக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது என்றது. தெரியாமலே வைத்திருக்கும் தப்பெண்ணம், அறியாமை, யோசனையின்மை, ஆளைப் பார்த்ததும் ஒரே அச்சில் வார்த்துவிடும் புத்தி எல்லாவற்றையும் அதற்குள்தான் சேர்த்தது. கொன்றவர்களில் இரண்டு பேருக்குத் தீர்ப்பு வர 2012 ஆனது. 2023-இல் லண்டன் பொலிஸைப் பற்றிக் கேசி அறிக்கை வந்தது. அதிலும் அதே குற்றச்சாட்டு. ஆணையாளர் அறிக்கையை ஏற்றுக்கொண்டு ‘நிறுவனத்துக்குள் ஊறியது’ என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்க மறுத்தார்.

இத்தனை வருடமாகச் சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை, தம்பி. இனச் சமத்துவத்தைப் பொலிஸின் கடமையாக்கியது இன உறவுச் சட்டத்துக்கு 2000-ஆம் ஆண்டு வந்த திருத்தம். அப்புறம் 2010-இல் சமத்துவச் சட்டம். உங்கள் மேசைக்கே வருகிறேன். மறித்துச் சோதிக்கும் அதிகாரத்துக்கு 1984-ஆம் ஆண்டுப் பொலிஸ், குற்றச் சான்றுச் சட்டத்தின் கீழ் ஒரு நடைமுறை விதிக்கோவை இருக்கிறது. ஆட்களைப் பற்றிய அச்சு வார்ப்பு எண்ணத்தை வைத்து அதிகாரம் பாவிக்கப்படுகிறதா என்று மேற்பார்வை அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த மேற்பார்வை அதிகாரி நீங்கள். திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பதை எப்போது விட்டீர்கள்? பத்துப் பதிவில் ‘சந்தேகப்படும்படி நடந்தான்’ என்ற ஒரே வசனம் இருந்தும் பேனாவை எடுத்தீர்களா? ஒரு கொன்ஸ்டபிள் மார்பில் மாட்டிய கேமராவை நடுவழியில் நிறுத்தினால் ஏன் என்று எழுதித் தரச் சொல்வீர்கள். உங்கள் வீட்டில் நிறுத்தியது யார்?

‘சும்மா பகிடிக்குச் சொன்னான்’ என்று தேநீர் அறையில் சொல்வார்கள். ‘வயதானவர்’ என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது.

பெற்றவளை மதிப்பதென்றால் அவர் என்ன சொன்னாலும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது என்று எங்களுக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். நான் அப்படி நினைப்பவள் இல்லை. தாய் பிழையாகப் பேசினால் ஊரார் சொல்லுமுன் பிள்ளை சொல்ல வேண்டும். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தனியே விட்டுவிட்டீர்கள். கத்த வேண்டாம், சட்டமும் பேச வேண்டாம், அது அவரிடம் எடுபடாது. அவர் எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அவர் வயதில் எங்கள் பெண்கள் பலர் கொழும்பு லொட்ஜ்களில் பொலிஸ் பதிவோடு இருந்துதான் விமானம் ஏறினார்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு ‘நீ மட்டும் இறங்கு’ என்பான். 2007 ஜூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழரை விடியுமுன் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நின்றது. அந்தக் காலத்தில் யார் எவர் தன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று அம்மாவைக் கேளுங்கள். தமிழரைச் சிங்களத்தில் இழிவாகச் சொல்லும் ‘பற தெமளா’ என்ற சொல் அவர் வாயிலிருந்தே வரட்டும். அதன் பிறகு நீங்கள் அதிகம் பேச வேண்டி வராது.

மகளிடம் வேறு பேச்சு. அவளிடம் காரணம் சொல்லாதீர்கள். ‘அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டியது பிழை’ என்று மட்டும் சொல்லிவிட்டு இருங்கள். அவள் திட்டினால் திட்டட்டும்.

திங்கட்கிழமை போய் இருபது பதிவுகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கேமராப் பதிவைப் போட்டு, எழுதியவனைப் பக்கத்தில் இருத்தி, காரணம் படத்தில் எங்கே தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். இருபதுக்குப் பிறகும் சுளித்தால் எனக்கு எழுதுங்கள், வேறு பிரிவைப் பற்றி அப்போது பேசலாம். இப்போது மாறினால், போகிற இடத்திலும் ஒரு தேநீர் அறை இருக்கும், அங்கேயும் சத்தம் கூட்ட ஒரு டீவி இருக்கும்.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் அந்தத் தோழிக்குப் பெயர் இல்லை. பத்திரிகைக்கு எழுதும்போது வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று நம்பத்தான் ஆசை. தெரியாதென்றால் மகளிடம் கேளுங்கள். உடனே சொல்லமாட்டாள். இன்னொரு தரமும் கேளுங்கள்.