46 பீஸில் வேலைக்கு ஆவது நாலு

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பேனர் சமாச்சாரம். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஆன்லைனில் 399 ரூபாய்க்கு 46 பீஸ் டூல் கிட் வாங்கினேன். பைக் இன்ஜினைப் பிடித்திருக்கும் 14 நம்பர் (தலை அகலம் 14 மில்லி) போல்ட்டைக் கழற்றும்போது, சாக்கெட் மாட்டித் திருகும் ராட்செட் கைப்பிடி உள்ளேயே பல் வழுக்கிச் சுற்றுகிறது. போலியா? (அல்சூர்)

பதில்: போலியோ அசலோ, அந்த வேலைக்கு அது ஆகாது. இந்த வகை கிட்டில் இருப்பது கால் இன்ச் டிரைவ் ராட்செட், அதாவது சாக்கெட் மாட்டும் சதுர முனை கால் இன்ச்தான். 8, 10 நம்பர் போல்ட்டுகளைத் தாண்டி அதை நம்பக்கூடாது. இறுகிப்போன போல்ட்டை முதலில் ரிங் ஸ்பேனரால் இளக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் ராட்செட்டை எடுக்க வேண்டும். கிட்டைக் கொட்டி எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 4 முதல் 14 மில்லி வரை 13 சாக்கெட் இருக்கும். மிச்சமெல்லாம் திருப்புளி முனையும் குட்டி ஆலன் கீயும். அந்த 13-லும் உங்கள் பைக்குக்கு வேண்டியது 8, 10, 12, 14 மட்டும். அச்சு நட்டுக்கு வேண்டிய 17, 19 பெட்டியிலேயே கிடையாது.

கேள்வி: கையில் 3,000 ரூபாய். பைக் சர்வீஸை வீட்டிலேயே செய்ய என்னென்ன வாங்கலாம்? (முருகேஷ்பாளையா)

பதில்: செட்டாக வாங்காமல் உதிரியாக வாங்குங்கள். 8, 10, 12, 14, 17, 19 நம்பர்களில் காம்பினேஷன் ஸ்பேனர். ஒரு பக்கம் வாய், மறுபக்கம் ரிங். 8, 10, 12-ல் டி ஸ்பேனர். 4, 5, 6 மில்லி ஆலன் கீ. 8 இன்ச் கட்டிங் பிளேயர், ஒரு நோஸ் பிளேயர். டபாரியா மாதிரி இந்தியத் தயாரிப்பே போதும், இறக்குமதி மோகம் வேண்டாம்.

13 நம்பர் வேண்டுமா என்பது வண்டியைப் பொறுத்தது. தண்டு 8 மில்லி உள்ள ஒரே போல்ட்டுக்கு ஜப்பானிய வழி வண்டிகளில் தலை 12, ஐரோப்பிய வழியில் 13. 12 தலையில் 13-ஐ மாட்டித் திருகினால் மூலை மழுங்கி, அப்புறம் வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

திருப்புளியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் ஸ்டார் ஸ்க்ரூவில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜப்பானிய அளவு. சாதாரண ஸ்டார் முனை அதில் அடிவரை இறங்காது. அழுத்தித் திருகினால் மேலே ஏறி வந்து பள்ளத்தைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரம்) என்று கேட்டு 2-ம் நம்பர் ஒன்று வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது புது 10 நம்பர் போல்ட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனர் வாயில் விட்டு ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். ரிங்குக்குள் முலாம் திட்டுத்திட்டாகவோ மூலைகளில் வழிந்தோ இருந்தால் அதுவும் வேண்டாம். வாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029 என்பது இந்தியத் தரம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே உள்ள சி.எம்/எல் என்ற உரிம எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: இத்தனை ஸ்பேனருக்குப் பதில் வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்றே போதாதா? (ஸ்ரீராமபுரம்)

பதில்: போதாது. என் டப்பாவிலும் அப்படி ஒன்று கிடக்கிறது, பெயிண்ட் டப்பா மூடி திறக்க.

கேள்வி: எஸ்.ஜே.பி. ரோட்டில் ரிங் ஸ்பேனர் செட் வாங்கினேன். இரண்டாவது தடவையே 17 நம்பர் விண்டுவிட்டது. பில் கேட்டதற்குக் கடைக்காரர் "18% சேரும், வேண்டுமா?" என்றார், விட்டுவிட்டேன். இப்போது "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டுகிறார். (சிவாஜிநகர்)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. இந்த "பில் போட்டால் 18%" வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரியும் உட்பட்ட விலை. அதன் மேல் தனியாக வரி கேட்க எந்தக் கடைக்காரருக்கும் உரிமை இல்லை. பதிவு பெற்ற கடை 200 ரூபாயும் அதற்கு மேலும் விற்றால் நீங்கள் கேட்காவிட்டாலும் பில் தர வேண்டும். பில் தராததையே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே கணக்கு: பில்லில் கெடு எழுதியிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள். சுவரில் மாட்டிய போர்டு சட்டத்தை மாற்றாது.

யு.பி.ஐ.யில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவு, பெட்டியின் நாலு பக்கப் படம், விண்ட ஸ்பேனரின் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம்.

கேள்வி: 28–210 நியூட்டன் மீட்டர் டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்னும் ஸ்பேனர்) வாங்கி, பைக்கின் ஆயில் போல்ட்டுக்கு 25 வைத்து இறுக்கினேன். 'கிளிக்' சத்தமே வரவில்லை, மரை போய்விட்டது. கம்பெனி மேல் கேஸ் போடலாமா? (கே.ஆர்.புரம்)

பதில்: கைப்பிடியில் 28-லிருந்து என்று எழுதியிருக்கிறது, நீங்கள் வைத்தது 25. யார் மேல் கேஸ்? எந்த டார்க் ரெஞ்சும் அதன் எல்லையின் அடிமட்டத்தில் நம்பகம் இல்லை. ஆயில் போல்ட்டுக்கு 10–60 போன்ற சின்ன வகை வேண்டும். கிளிக் வந்ததும் கையை எடுங்கள். போல்ட் கழற்ற அதைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் அதிலுள்ள மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள். போன மரைக்கு லேத் கடையில் கம்பிச்சுருள் மரை போட்டுத் தருவார்கள். இன்ஜின் மூடியை மாற்ற அவசரப்படாதீர்கள்.

கேள்வி: "லைஃப்டைம் வாரண்டி" என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா? (பனஸ்வாடி)

பதில்: பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முழு முகவரி இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் ஆன்லைனில் விற்றவர் தன் கணக்கை மூடும் வரைதான் ஆயுள்.

கேள்வி: காரோடு வந்த ஜாக்கை வைத்துத் தூக்கி, அடியில் படுத்து ஆயில் மாற்றலாமா? (பெல்லந்தூர்)

பதில்: கூடாது. அது டயர் மாற்ற மட்டும். ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கிய பிறகு எழுதுங்கள்.

கேள்வி: பிளேயர் கைப்பிடியில் தடித்த பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதை வைத்து வீட்டு சுவிட்ச் போர்டு வேலை செய்யலாமா? (சி.வி.ராமன் நகர்)

பதில்: அந்த உறை கை வழுக்காமல் இருக்கத்தான். மின் வேலைக்கு ஐ.இ.சி. 60900 என்ற எண்ணும், இரட்டை முக்கோணக் குறியும், 1000 வோல்ட் என்ற எழுத்தும் உள்ளதை வாங்குங்கள். வாங்கினாலும் மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரில் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும்.