பளபளக்காத கேரட்

கேள்வி: நன்றி நவிலல் நாள் விருந்துக்காக, வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்து ஸ்லோ குக்கரில் (மெல்ல வேகவைக்கும் மின்பாத்திரம்) செய்த இனிப்புக் கேரட் நீர்த்துப்போனது ஏன்?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: நீராவி மூடியின் உட்புறத்தில் துளிகளாகத் திரண்டு மீண்டும் உள்ளேயே சொட்டுவதால், கேரட் விடும் நீர் வற்ற வழியின்றிப் பாகை நீர்க்கச் செய்துவிடுகிறது. எனவே தண்ணீர் ஊற்றவே வேண்டாம். 1 கிலோ கேரட்டுக்கு 50 கிராம் வெண்ணெய், 75 கிராம் சர்க்கரை, சிட்டிகை உப்பு, 2 மேசைக்கரண்டி ஆரஞ்சுச் சாறு போதும். அதிகச் சூட்டில் 3 முதல் 4 மணி நேரத்தில் கத்தி எளிதாக இறங்கும் பதம் வந்ததும், சாற்றை மட்டும் வாணலியில் வடித்து, கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குச் சுண்டக் காய்ச்சி, கேரட்டின்மேல் ஊற்றிப் புரட்டுங்கள். சோளமாவு கரைத்து ஊற்றுவோரும் உண்டு. அந்த வழவழப்பு எனக்கு உவப்பில்லை.