ஞானப்பல்லை இடம் மாற்றி நட 3டி அச்சு மாதிரி தேவைதானா?

மகனுக்கு 17 வயது, சொத்தையில் போன கடைவாய்ப் பல்லின் இடத்தில் அவனுடைய ஞானப்பல்லையே எடுத்து நடலாம் என்கிறார் டாக்டர், அதற்கு முன் ஸ்கேன், 3டி பிரிண்ட் என்று தனிச் செலவும் சொல்கிறார், இது அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசியம். மாதிரி என்பது நடப்போகும் பல்லின் அதே அளவிலான அச்சு. இந்த அறுவை சிகிச்சையை அது இல்லாமலும் செய்திருக்கிறேன், அதை வைத்தும் செய்திருக்கிறேன்.

வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. பல்லை எலும்போடு பிடித்து வைப்பது அதுதான். அது காய்ந்தாலோ உரசுப்பட்டாலோ, உடம்பே அந்த வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். அதனால் பல் வாய்க்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

முன்பெல்லாம் பிடுங்கிய பல்லையேதான் அளவு பார்க்க வைப்போம். பல்லை நட வேண்டிய எலும்புக் குழியில் வைப்பேன், இடிக்கும்; வெளியே எடுத்து எலும்பை ராவிவிட்டு மறுபடி வைப்பேன். ஒரு கல்லூரி மாணவனுக்கு இப்படி நான்கு தடவை வைத்து எடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து எக்ஸ்ரேயில் வேரின் ஓரம் கரையான் அரித்த மாதிரி இருந்தது. பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் பையனிடம் அதைச் சொன்ன நாளை நான் மறக்கவில்லை.

இப்போது சிபிசிடி என்ற, பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேனிலிருந்து ஞானப்பல்லை மட்டும் கணினியில் பிரித்து, ரெசினில் அச்சிட்டு, கிருமி நீக்கி வைத்துக்கொள்கிறோம். சமீபத்தில் ஒரு பெண்ணுக்குச் செய்தபோது, மாதிரியின் வேர் நுனி குழியின் பின்சுவரில் தட்டியது. உப்புநீர் விட்டபடி அரை மில்லிமீட்டர் போல ராவினேன். மறுபடி வைத்தபோது தடையில்லாமல் இறங்கியது. அதுவரை அசல் பல் ஈறுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. பிறகுதான் அதன் தலையை மட்டும் பிடித்து எடுத்து நட்டேன். 2 நிமிடம்கூட வெளியே இல்லை.

உங்கள் மகன் வயதில் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வைத்தால், தாடை வளர வளர அது மட்டும் பள்ளத்தில் நின்றுவிடும். நட்ட பல் சேர்ந்தே வளரும். அதனாலும் உங்கள் டாக்டர் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஸ்கேன் வந்ததும் வேர் நுனி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறந்திருந்தால் பல்லுக்குள் ரத்த ஓட்டம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. மூடியிருந்தால் இரண்டு வாரம் போல ஆனதும் ரூட் கேனால் செய்ய வேண்டிவரும், அந்தச் செலவையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பற்களில் உலோகக் கேப் இருந்தால் ஸ்கேனில் கோடு விழுந்து மாதிரியின் அளவு பிசகலாம். அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.