வண்டி நின்றதும் என்ஜினைத் தானாக அணைத்து, கிளம்பும்போது மீண்டும் இயக்கும் ‘ஸ்டார்ட்-ஸ்டாப்’ வசதியுள்ள வண்டியில், சிக்னலில் என்ஜின் தானாக அணையாவிட்டால் பாட்டரி போய்விட்டது என்று பொருளா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். பாட்டரியின் எதிர்மின் முனையில் கவ்வியிருக்கும் சிறு உணரி மின்னிருப்பு குறைவு என்று காட்டினாலோ, ஏசி கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தாலோ, வண்டியின் கணினி என்ஜினை அணைக்காது. மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸின் ஜனவரி வெக்கையில் ஏசியே காரணமாக இருக்கக்கூடும் என்பதால், அதைக் குறைத்துவிட்டு, பாட்டரியும் மின்னேறும்படி க்யூர்பிப் ஊர் வரை நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; அதன் பிறகும் அணையாவிட்டால் பாட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இத்தகைய வண்டிகளில், அடிக்கடி மின்னிறங்கி ஏறுவதைத் தாங்கும் ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. வகைப் பாட்டரியே இருக்கும். விலை மலிவு என்று சாதாரணப் பாட்டரியை மாட்டுவது வீண் செலவு; அது விரைவில் படுத்துவிடும். ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் ஏ.ஜி.எம். தான் போட வேண்டும். பல வண்டிகளில் புதிய பாட்டரியைக் கணினியில் பதிவும் செய்ய வேண்டியிருக்கும். மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.