கடுகு வெடிக்கக் காத்திருக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

வேலை மாற்றலாகிக் கொல்கத்தா வந்து இரண்டு மாதம் ஆகிறது. கரியாஹாட் பக்கம் வீடு. இங்குள்ள வீட்டுச் சாப்பாடு பிடித்துப்போய் நானே செய்து பார்க்கிறேன். சாம்பார், மீன் குழம்பு எல்லாம் நன்றாகவே வைப்பேன். இங்கே மட்டும் எதைத் தொட்டாலும் கசக்கிறது. பாஞ்ச்ஃபோரன் என்னும் ஐந்து மசாலாக் கலவை தாளித்த பருப்பு கசந்தது. கடுகு அரைத்துவிட்ட மீனை வாயில் வைக்க முடியவில்லை. சாதாரண மீன் ஜோல், அதாவது இங்குள்ள நீர்த்த மீன் குழம்பு, வைக்கலாம் என்றால், மீன் வாணலியில் ஒட்டிப் பிய்ந்துவிட்டது. எண்ணெய் நெடி வேறு. எதிலிருந்து தொடங்குவது? கடுகெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றலாமா?

எம்., கொல்கத்தா

அன்புள்ள எம்.,

நன்றாகச் சமைக்கத் தெரிந்திருப்பதுதான் உங்கள் சிக்கல். பருப்பு கசந்ததற்கு உங்கள் கைப்பழக்கமே காரணமாக இருக்க வேண்டும்.

நமக்குத் தாளிப்பு என்றால் கடுகு வெடிப்பதுதான் கணக்கு. பாஞ்ச்ஃபோரனில் உள்ள ஐந்து: வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம், சோம்பு, ராந்துனி. ராந்துனி பார்க்க ஓமம் போலிருக்கும், மணம் செலரிக் கீரையை ஒத்தது. பல பாக்கெட்டுகளில் அதற்குப் பதிலாகக் கடுகைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கடுகு வெடிக்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் வெந்தயம் கறுத்துவிடும். ஒரு சட்டிப் பருப்பைக் கெடுக்கக் கறுத்த வெந்தயம் பத்துப் பதினைந்து போதும். ஆகவே கண் கடுகின் மேல் வேண்டாம், வெந்தயத்தின் மேல் இருக்கட்டும். அது பொன்னிறம் தாண்டிச் சிவக்கத் தொடங்கியதும், இருபது முப்பது வினாடிக்குள், பருப்பை ஊற்றிவிடுங்கள். கடுகு வெடிக்காமல் கிடந்தால் கிடக்கட்டும். வீட்டிலேயே கலப்பதானால் மற்ற நான்கும் சம அளவு, வெந்தயம் மட்டும் பாதி.

பருப்பு அரை கப் மைசூர்ப் பருப்பு, அதாவது நூறு கிராம். குக்கர் வேண்டாம், குழைந்து கூழாகிவிடும். மூன்று கப் தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுத் திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடம், நுரையை எடுத்துவிட்டு. உப்பு கடைசியில். வாணலியில் ஒரு மேசைக்கரண்டி கடுகெண்ணெய், இரண்டு காய்ந்த மிளகாய், அரை ஸ்பூன் பாஞ்ச்ஃபோரன். நாம் தாளித்துக் குழம்பின் தலையில் கொட்டுவோம். இங்கே தாளிப்பின் மேல் பருப்பைக் கொட்டி, கீறிய பச்சைமிளகாயோடு இரண்டு மூன்று நிமிடம் சேர்த்துக் கொதிக்கவிடுகிறார்கள். வாசனை உள்ளே இறங்குவதற்கு அந்த இரண்டு நிமிடம் வேண்டும்.

எண்ணெய் நெடி போகாததற்கு, காயுமுன்பே நீங்கள் அதில் பொருளைப் போட்டிருப்பீர்கள். கடுகெண்ணெயை முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். மெல்லிய புகை கிளம்பி, மஞ்சள் நிறம் வெளுத்துத் தெரியும்போது காய்ந்துவிட்டது என்று பொருள். உடனே அடுப்பைக் குறைத்து அரை நிமிடம் சூடு தணிய விடுங்கள். பிறகுதான் தாளிப்பு. புகையும் எண்ணெயில் அப்படியே பாஞ்ச்ஃபோரனைப் போட்டால் மறுபடி கசப்புதான்.

கடுகு அரைத்த மீனின் கசப்பு வேறு கதை. கடுகின் காரம் விதைக்குள் தயாராக இருப்பதில்லை. விதை உடைந்து நீர் பட்டதும் ஒரு நொதி அதை உண்டாக்குகிறது. சூட்டில் அந்தக் காரம் ஆவியாகிவிடும், கசப்பு போகாது. நம் ஊர் அரைத்த மசாலாவைப் போல எண்ணெயில் போட்டுப் 'பச்சை வாசனை போக' வதக்கினால் இதுதான் நடக்கும். கடுகு விழுதை வதக்கவே கூடாது. கருங்கடுகு மட்டும் எடுத்திருந்தால் கசப்பு இன்னும் கூடும். ஒரு மேசைக்கரண்டி கருங்கடுகு, ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் கடுகு, அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு பச்சைமிளகாய், அரை ஸ்பூன் உப்போடு அரையுங்கள். மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜாடி சூடேறி அங்கேயே கசந்துவிடும். விழுதை ஒரு கப் நீரில் கரைத்து வடிகட்டினால் தோல் நின்றுவிடும். நாலு துண்டு மீனுக்கு இது போதும். தாளித்த எண்ணெயில் அடுப்பைக் குறைத்து ஊற்றி, மஞ்சள்தூள் போட்டு, லேசாகக் கொதி வந்ததும் வறுத்த மீனை இறக்கி ஐந்து நிமிடம். அடுப்பிலிருந்து இறக்கிய பின் ஒரு ஸ்பூன் பச்சை (காய்ச்சாத) கடுகெண்ணெய். இலிஷ் (ஹில்சா) மீனில் இதைச் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். விலையும் முள்ளும் அதிகம், கொஞ்சம் பொறுங்கள்.

ரூயியில் பழகுங்கள், நம் ஊரில் ரோகு என்பது. கரியாஹாட் சந்தையில் மீன்காரர் உட்கார்ந்து வெட்டும் 'போட்டி' நம் அரிவாள்மணையின் உடன்பிறப்பு. வயிற்றுப் பக்கத் துண்டு 'பேட்டி', முதுகுப் பக்கம் 'காதா'. காதாவில் பொடி முள் அதிகம். முதல் சில தடவை பேட்டியே கேளுங்கள்.

மீன் ஒட்டுவதற்கு ஈரம் ஒரு காரணம், எண்ணெய் காயாதது இன்னொன்று, அவசரம் மூன்றாவது. நாலு துண்டில் அரை ஸ்பூன் மஞ்சள்தூள், அரை ஸ்பூன் உப்புப் பிசறிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். நீர் விட்டிருக்கும், துணியால் ஒற்றியெடுங்கள். நாலு மேசைக்கரண்டி எண்ணெய் புகைந்து தணிந்ததும் இரண்டிரண்டாகப் போடுங்கள். ஓரம் சிவந்து மீன் தானாக அடியை விடும்வரை கரண்டி படக்கூடாது, இரண்டு மூன்று நிமிடம் ஆகும். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். மொறுமொறுவென்று ஆனால் ஜோலில் சக்கையாகிவிடும்.

அதே எண்ணெயில் நீளவாக்கில் நாலாக வெட்டிய இரண்டு உருளைக்கிழங்கை வறுத்தெடுங்கள். அரை ஸ்பூன் கருஞ்சீரகம், கீறிய நாலு பச்சைமிளகாய். அரை ஸ்பூன் மஞ்சள்தூளை மூன்று ஸ்பூன் நீரில் கரைத்து ஊற்றுங்கள், தூளாகப் போட்டால் கருகும். இரண்டரைக் கப் வெந்நீர், உப்பு, கிழங்கு. பத்து நிமிடம் கழித்து மீன், இன்னும் ஐந்து நிமிடம். அவ்வளவுதான். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, புளி இல்லை. லேக் மார்க்கெட் பக்கம் கறிவேப்பிலை தாராளமாகக் கிடைக்கும், அது உங்கள் ரசத்துக்கு இருக்கட்டும். தண்ணீராக இருக்கிறதே என்று எதையும் அரைத்து ஊற்றாதீர்கள், ஜோல் அப்படித்தான் இருக்க வேண்டும். குழைந்த சூடான சோற்றில் ஊற்றினால் புரிந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். மீனுக்கும் முன்னால் ஆலு ஷெத்தோ, அதாவது வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு. புழுங்கலரிசி வேகும் பானையிலேயே இரண்டு உருளைக்கிழங்கைப் போடுங்கள். சூடு ஆறுமுன் தோலுரித்து மசித்து, உப்பு, பொடியாக நறுக்கிய பச்சைமிளகாய், வெங்காயம், இரண்டு ஸ்பூன் பச்சைக் கடுகெண்ணெய். இதற்குச் செக்கில் ஆட்டிய 'கச்சி கானி' எண்ணெய்தான் வேண்டும். மூக்கில் ஏறும் அந்த நெடி எதற்காக என்பது இதில்தான் பிடிபடும். ஆறிய கிழங்கில் எண்ணெய் சேராது.

அடுத்தது ஆலு போஸ்தோ. போஸ்தோ என்பது கசகசா. நம் குருமாவில் அது கெட்டிப்படுத்த வருவது, இங்கே அதுவேதான் கறி. ஐம்பது கிராம் கசகசாவை மிக்சியில் முதலில் உலரப் பொடித்து, வெந்நீர் தெளித்து அரைமணி ஊறவிட்டு, இரண்டு பச்சைமிளகாயோடு அரையுங்கள். எடுத்ததும் நீரூற்றினால் விதை சுற்றிக்கொண்டே இருக்கும், அரையாது. நானூறு கிராம் கிழங்கைச் சிறு சதுரமாக வெட்டி, கருஞ்சீரகம் தாளித்த எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி, விழுது, முக்கால் கப் நீர், உப்புச் சேர்த்து மூடிவையுங்கள். கசகசா அடிபிடிக்கும், இடையிடையே கிளறுங்கள். கிழங்கு வெந்து நீர் வற்றியதும் ஒரு ஸ்பூன் பச்சை எண்ணெய். மஞ்சள்தூள் போடாதவர்களே அதிகம், நீங்களும் போடாதீர்கள், அந்த வெளுப்புதான் அழகு. (சிங்கப்பூர், துபாய் வாசகர்களுக்கு: அங்கே கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். ஊரிலிருந்து பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள்.)

சர்க்கரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த பாங்கால் வீடுகளில் காரம் தூக்கலாக இருக்கும், மேற்கு வங்கத்துக் கோட்டி வீடுகளில் இனிப்பு. காய்கறியில் கால் ஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள். மேலே சொன்ன ஜோலுக்குச் சர்க்கரையே வேண்டாம்.

நல்லெண்ணெய் ஊற்றலாமா என்றால், பருப்புக்கு ஊற்றலாம், கெட்டுப்போகாது, எள் மணம் முந்திக்கொள்ளும். கடுகெண்ணெய் தீர்ந்த நாளில் மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் அதைவிட மேல். ஆலு ஷெத்தோவை மட்டும் அந்த நாளில் செய்யாதீர்கள்.