உலாவியா, சர்வரா: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தில் நிரலாளராக இருக்கிறேன். தமிழ் மேடை நாடகம் ஒன்றுக்கு இருக்கை முன்பதிவு செய்வதற்கான படிவத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் கட்டமைப்பில் பொத்தானுக்கும் எழுத்துப்பெட்டிக்கும் உரிய நிரல் முழுவதும் சர்வரில்தான் ஓடுகிறது. கிளிக் ஆனாலும் விசை அழுத்தம் ஆனாலும் சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது. அலுவலகத்தில் சோதித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. பெருவிரைவு ரயிலில் கைப்பேசியில் திறந்தால் ஒரு தாவலிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே நேரமாகிறது. பெயரைத் தமிழில் தட்டினால் எழுத்துகள் சிதைகின்றன. எல்லாவற்றையும் உலாவிக்குள்ளேயே (பிரவுசர்) ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாற்றிவிடச் சொல்கிறார் என் மூத்த சக ஊழியர். சர்வரில் இருந்தால்தான் பாதுகாப்பு என்கிறார் இன்னொருவர். நான் எந்தப் பக்கம் போவது?

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சக ஊழியர்கள் இருவரும் படிவம் முழுவதற்கும் ஒரே முடிவைச் சொல்கிறார்கள். நானாக இருந்தால் கிளிக், விசை அழுத்தம் போன்ற நிகழ்வுகளைத் தனித்தனியே எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதை மாற்றுகிறது என்று பார்ப்பேன். பயனரின் திரையை மட்டும் மாற்றும் நிகழ்வு உலாவியைவிட்டு வெளியே போகக் கூடாது. பலருக்கும் பொதுவான ஒன்றை, உங்கள் படிவத்தில் மிச்சமிருக்கும் இருக்கைகளை, மாற்றும் நிகழ்வில் முடிவு சொல்லும் உரிமை சர்வருக்கு மட்டுமே உண்டு.

பிரெண்டன் ஐக் 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டை உருவாக்கியதிலிருந்தே, பொத்தான் அழுத்தத்தை உலாவிக்குள் கையாளும் வழி இருக்கிறது. 2002-ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஏஎஸ்பி டாட் நெட் என்ற கட்டமைப்பு, கிளிக்கைச் சர்வரில் உள்ள நிரலே நேரடியாகக் கையாள்வதுபோல் எழுதும் முறையைப் பலருக்கும் பழக்கியது. அதில் ஒவ்வொரு கிளிக்குக்கும் படிவம் முழுவதும் சர்வருக்குப் போய், பக்கம் புதிதாகத் திரும்பி வந்தது. பக்கத்தின் முந்தைய நிலை வியூஸ்டேட் என்ற, திரையில் தெரியாத மறைபுலத்தில் கூடவே பயணம் செய்தது. இன்றைய பிளேசர் சர்வர், ஃபீனிக்ஸ் லைவ்வியூ போன்ற கட்டமைப்புகள், இருபுறமும் செய்தி செல்லும் வெப்சாக்கெட் இணைப்பைத் திறந்தே வைத்திருந்து, நடந்த நிகழ்வை மட்டும் அனுப்பி, மாறிய துண்டை மட்டும் வாங்கிப் பக்கத்தில் பொருத்துகின்றன. சுமை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் போய்வர வேண்டிய தூரம் குறையவில்லை, இணைப்பு அறுந்தால் கிளிக் எங்கும் போய்ச் சேர்வதும் இல்லை.

அந்தத் தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர். சர்வர் அங்கே இருந்தால், எந்த வேலையும் தொடங்குவதற்கு முன்பே, போய்வர மட்டும் குறைந்தது 136 மில்லிநொடி ஆகிவிடும். தன் விரலசைவுக்குத் திரை உடனே இணங்கியது என்று ஒருவர் உணர வேண்டுமானால் 0.1 நொடிக்குள் விடை வர வேண்டும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-ல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. உங்கள் அலுவலகத்தில் குறை தெரியாமல் போனதற்கு, சர்வர் பக்கத்திலேயே இருந்தது காரணமாக இருக்கலாம். தாவல் மாறுவது, பட்டியல் விரிவது, தேர்ந்தெடுத்த இருக்கையின் நிறம் மாறுவது ஆகியவற்றை இன்றே உலாவிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துகள் சிதைவதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது அதுதான். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ஒருவர் ‘தொல்காப்பியன்’ என்று தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டி, எச் விசைகளுக்கு ‘த்’ தோன்றுகிறது. ஓ விசையை அழுத்தியதும் அதே இடத்தில் அது ‘தொ’ ஆகிறது. எழுத்து இப்படி உருவாகிக்கொண்டிருக்கும் நிலையை அறிவிப்பதற்கென்றே கம்போசிஷன்ஸ்டார்ட் (தொடக்கம்), கம்போசிஷன்எண்ட் (முடிவு) போன்ற நிகழ்வுகள் உலாவியில் உள்ளன. உங்கள் கட்டமைப்பு அவற்றைப் பொருட்படுத்தாமல், ‘த்’ என்ற அரைகுறை மதிப்பைச் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது என்று ஊகிக்கிறேன். சர்வர் அதை வாங்கிக்கொண்டு, பெட்டியின் மதிப்பு ‘த்’ என்று நல்லெண்ணத்தோடு திருப்பி அனுப்புகிறது. அந்த விடை வந்து சேரும்போது பெட்டியில் ‘தொ’ இருக்கிறது. பழைய மதிப்பு புதியதன்மேல் எழுதப்பட்டு உயிர்க்குறி அழிந்துபோக, அவர் தொடர்ந்து தட்டத் தட்ட ‘த்ல்காப்பியன்’ என்ற பெயர் உருவாகிறது. ஆங்கிலத்தில் தட்டிச் சோதிப்பவர் கண்ணில் இது எளிதில் படாது. எழுத்து உருவாகி முடியும்வரை எதையும் அனுப்பாதீர்கள். பெயர்ப்பெட்டிக்கு, பயனர் அதைவிட்டு வெளியேறும்போது ஒரே ஒருமுறை அனுப்பினால் போதும். தட்டும்போதே தேடல் நடக்க வேண்டிய பெட்டியானால், கை ஓய்ந்து 300 மில்லிநொடி கழிந்தபின் அனுப்புங்கள். எந்த நிலையிலும், கர்சர் நிற்கும் பெட்டியின்மேல் சர்வர் எழுதக் கூடாது.

அஞ்சல் குறியீட்டுப் பெட்டி இடைப்பட்ட வகை. நம் ஊரில் அது 6 இலக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. முதல் 5 இலக்கங்கள்வரை சர்வரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆறாவது இலக்கம் விழுந்ததும் ஒருமுறை கேட்டு, புளோக் எண்ணையும் சாலைப் பெயரையும் நிரப்பிவிடலாம். பயனர் உடனே குறியீட்டைத் திருத்திவிட்டால், முதல் கேள்விக்கான விடை இரண்டாவது விடைக்குப் பின்னால் வந்து தவறான முகவரியைப் பதித்துவிடக்கூடும். கேள்விகளுக்கு வரிசை எண் கொடுத்து, கடைசிக் கேள்விக்கான விடையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி, இருக்கை. ஒரே இருக்கையை ஒருவர் தெம்பனிஸிலிருந்தும் இன்னொருவர் ஜூரோங்கிலிருந்தும் ஒரே நேரத்தில் அழுத்தும்போது, இரண்டு உலாவிகளும் அது காலியாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். சர்வர் அதைத் தரவுத்தளத்தில், இடையில் வேறெதுவும் புகாத ஒரே பரிவர்த்தனையாகச் சரிபார்த்து ஒருவருக்கு எழுதினால்தான் மற்றவருக்கு ‘இல்லை’ என்று உண்மையைச் சொல்ல முடியும். உலாவிக்கும் இங்கே வேலை உண்டு. அழுத்திய கணமே பொத்தானை முடக்கி, ‘பதிவாகிறது’ என்று காட்ட வேண்டும். ‘பதிவாகிவிட்டது’ என்ற சொல்லை விடை வரும்வரை காட்டக் கூடாது. ரயில் சுரங்கத்துக்குள் போய் இணைப்பு அறுந்தால், கோரிக்கை போய்ச் சேர்ந்ததா, விடை மட்டும் தொலைந்ததா என்று உலாவியால் அறிய முடியாது. மீண்டும் அனுப்பத்தான் வேண்டியிருக்கும். ஆகவே முதல் அழுத்தத்திலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, அதே எண்ணோடு மீண்டும் அனுப்புங்கள். அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருக்கும் சர்வர், இரண்டாவது இருக்கையைக் கொடுக்காமல் பழைய விடையையே தரும்படி எழுதிவிடலாம்.

பாதுகாப்பைப் பற்றி உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வது இந்த இடத்தில் முழு உண்மை. கட்டணத்தை உலாவியில் கணக்கிட்டுக் காட்டலாம். அது அனுப்பும் தொகையை நம்பக் கூடாது. உலாவிக்குள் இருக்கும் எந்த மதிப்பையும் பயனர் மாற்ற முடியும் என்பதால், சர்வர் விலையைத் தானே கணக்கிட வேண்டும். சரிபார்ப்பு இரண்டு இடத்திலும் இருக்கட்டும். ஆனால் இரண்டும் ஒரே விதியாக இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றுக்காக நான் எழுதிய படிவத்தில், பெயருக்கு உலாவியில் 40 எழுத்து என்று எல்லை வைத்தேன். தரவுத்தளத்தில் அந்தப் புலம் 40 பைட். ‘கிருஷ்ணமூர்த்தி’ கண்ணுக்கு 8 எழுத்து, யூனிகோடு எழுத்துக் குறியாக்கத்தில் 15 குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 45 பைட். உலாவி எந்தத் தடையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. பதிவில் ‘கிருஷ்ணமூர்த்’ என்பதோடு ஓர் உடைந்த குறியும் நின்றது. அந்தப் பெயரோடுதான் மாணவரின் சான்றிதழ் அச்சாகி வந்தது. அவருடைய தாயார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ‘கடைசி எழுத்து எங்கே போச்சு தம்பி?’ என்று கேட்டது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

மாற்றங்களைச் செய்தபின் உலாவியின் டெவலப்பர் கருவியில் இணைப்பைச் செயற்கையாக 400 மில்லிநொடி தாமதப்படுத்தி, உங்கள் பெயரையும் உங்கள் தாத்தாவின் பெயரையும் தமிழில் வேகமாகத் தட்டிப் பாருங்கள். பிறகு இணைப்பை அடியோடு துண்டித்துவிட்டு முன்பதிவுப் பொத்தானை அழுத்துங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். படிவம் திறக்கும் முன் ஒருமுறை நானும் சோதித்துத் தருகிறேன்.

அன்புடன்